பிரிக்பீல்ட்ஸ் சுவரோரம் நின்ற கூட்ஸ் வண்டி

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. சும்மா வாய்க்குச் சொல்லவில்லை. அந்த மாதிரிக் கதை சொல்கிற ஆளை நாலு பேர் நடுவில் உட்கார வைத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, அசடு வழிய வைத்து அனுப்புகிறவன் நான். அந்தக் குணம்தான் கடைசியில் என் சிநேகிதன் செல்வராஜுவின் காலில் போய் முடிந்தது. அவனுக்கு இப்போது இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. வேனைக் கவனிக்காமல் ஓட்டினான், அதனால்தான் சக்கரம் கழன்றது என்று எல்லாரும் பேசிவிட்டார்கள். அது உண்மை இல்லை, உண்மை எனக்குத்தான் தெரியும், அதைச் சொல்லத்தான் வந்தேன். நம்பினால் நம்புங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்நேரம் சிரித்திருப்பேன்.

நானும் செல்வராஜுவும் பிரிக்பீல்ட்ஸில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்கள். நான் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறேன், அவன் எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே ஆரம்பித்தவன். இரண்டு பேரும் அங்கேயே ரயில்வே குவாட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். என் அப்பா யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், அவன் அப்பா வேகன் சோதிக்கிறவர். இப்போது அந்தப் பக்கம் வானத்தைத் தொடுகிற கட்டடங்களாக நிற்கின்றனவே, அந்த இடமெல்லாம் அப்போது யார்டு. நீராவி இஞ்சின் இழுக்கிற கூட்ஸ் வண்டிகள் ரவாங் பக்கமிருந்து சிமெண்டும் மரமும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு நடுவாக வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கிவிட்டுக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும். எங்கள் சமையலறைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் துணி காயப்போடுகிற கம்பி ஒன்றுதான் இருந்தது. அம்மா வெள்ளைத் துணியை வெளியே எடுக்குமுன் கூட்ஸ் வண்டி போய்விட்டதா என்று எட்டிப் பார்ப்பார், இல்லாவிட்டால் அப்பாவின் சட்டையில் கரும்புள்ளி விழுந்துவிடும்.

வண்டி யார்டில் நின்றதும் செல்வராஜுவின் அப்பா நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலை எடுத்துக்கொண்டு கடைசி வேகனிலிருந்து நடக்க ஆரம்பிப்பார். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் மணி மாதிரிப் பாடும், விரிசல் விட்டதோ கழன்றதோ இருந்தால் செத்த சத்தம் வரும். செத்த சத்தம் வந்தால் சாக்குக் கட்டியால் அதில் ஒரு பெருக்கல் குறி. குறி போட்ட வேகனைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் மற்ற வண்டி புறப்படும், உள்ளே என்ன சரக்கு இருந்தாலும் சரி. இதையெல்லாம் ஐந்தாறு வயதில் பார்த்தது. பிறகு டீசல் வந்தது, மின்சாரம் வந்தது, குவாட்டர்ஸையும் இடித்தார்கள், எனக்கு அதெல்லாம் மறந்தும் போய்விட்டது.

நாங்கள் மத்தியானம் வேனை நிறுத்துகிற இடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு நீளமான பழைய சுவரோரம். சுவருக்கு அந்தப் பக்கம் லாலாங் புல் மண்டிய காலி நிலம், அதற்கும் அப்பால்தான் இப்போதைய ரயில் பாதை. சுவரை ஒட்டி இந்தப் பக்கம் மூடி இல்லாத சாக்கடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் டீக்கடையில் செல்வராஜு திடீரென்று சொன்னான்.

“டேய் மணியம், மத்தியானத்துல அந்த சுவருக்குப் பின்னால கூட்ஸ் வண்டி வந்து நிக்கிற மாதிரி கேக்குதுடா. பழைய வண்டி. ஸ்டீம் வண்டி.”

நான் சும்மா விடுவேனா? “அப்படியா, அடுத்த வண்டிக்கு எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வை லா, ஹைவே ஜாம் இல்லாம கிள்ளானுக்குப் போயிறலாம்” என்றேன். கடையே சிரித்தது. அன்றிலிருந்து வேன்காரர்கள் எல்லாரும் அவனை ‘ஸ்டேஷன் மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் அந்தப் பேச்சை அவன் மறுபடியும் எடுக்கவே இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இருட்டில்லை, மழையில்லை, நாய் ஊளையிடவில்லை. வியாழக்கிழமை, பன்னிரண்டேகால் மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். வரிசையில் என் வேன், அதற்குப் பின்னால் செல்வராஜுவின் வேன், எனக்கு முன்னால் மூன்று வேன்கள். ஜன்னலை இறக்கிவிட்டு சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தேன். தூங்கவில்லை, இதை அழுத்திச் சொல்கிறேன், ரேடியோவில் கேள்வி பதில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு அம்மா முட்டிவலிக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது சுவருக்குப் பின்னால் இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. ஒரு இடி இல்லை, தூரத்தில் ஆரம்பித்து ஒன்றன் பின் ஒன்றாகக் கடகடவென்று வந்து எங்களைத் தாண்டிப் போய் நின்றது. நீளமான கூட்ஸ் வண்டி நிற்கும்போது வேகன்கள் அப்படித்தான் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு உஸ் என்று ஒரு பெருமூச்சு. கூடவே வாடை. என் கற்பனையாக இருந்திருந்தால் கரிப்புகை வாடை அடித்திருக்க வேண்டும், சினிமாவில் ரயில் என்றால் கரிதானே. எனக்கு அடித்தது கருகின எண்ணெய் வாடை. நாங்கள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் யார்டுக்கு வந்த இஞ்சின்கள் எண்ணெய் எரிக்கிறவை. அந்த வாடையை ஐம்பது வருஷமாக நான் முகர்ந்ததும் இல்லை, நினைத்ததும் இல்லை.

கண்ணைத் திறந்தேன். சுவருக்கு மேலே வேகன்களின் கூரை தெரிந்தது. மங்கிய சிவப்பில் தகரக் கூரைகள், ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு மேல் மரம் மறைத்தது. உங்களைப் பார்க்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகப் பார்த்தேன். யாரோ படம் எடுக்கிறார்கள் போல என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம் பின்னாலிருந்து சரளைக்கல்லில் நடக்கிற காலடிச் சத்தம். டொக் என்று ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு டிங் என்று ஒரு தட்டு. இடதுபக்கக் கண்ணாடியில் பார்த்தேன். காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு ஆள் செல்வராஜு வேனின் பின் சக்கரத்தருகே குனிந்து எழுந்து முன்னால் வந்தான். என் வேனிலும் பின் சக்கரத்தில் டொக், முன் சக்கரத்தில் டிங். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நகராண்மைக்காரன் சம்மன் எழுத டயரில் குறி போடுகிறான் என்று நினைத்தேன்.

“பாஸ்! இங்க ஸ்கூல் வேன் நிக்கலாம் லா!” என்று கத்திக்கொண்டே இறங்கி, வேனைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். யாரும் இல்லை. வேனுக்கும் சுவருக்கும் நடுவில் சாக்கடைதான் இருந்தது, கால் வைக்கச் சாண் இடம் கிடையாது, சரளைக்கல்லும் கிடையாது. நிமிர்ந்து பார்த்தால் சுவர், மரம், வானம். வாடை மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் என் வேனின் பின் டயரில் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி இருந்தது, செல்வராஜு வேனிலும் அதே இடத்தில் அதே மாதிரி. வெயிலில் கண்ணயர்ந்து ஏதோ கண்டிருக்கிறேன், பள்ளிக்கூடப் பசங்கள் சாக்குக் கட்டியைத் திருடிக்கொண்டு வந்து விளையாடியிருக்கிறார்கள், இப்படி எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வேன் சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு, அது ஒரு வியாதி. செல்வராஜுவோ தீபாவளிக்குத் தீபாவளி வேன் கழுவுகிற ஆள், அவன் கண்ணாடியைக்கூட நான்தான் திட்டிக்கொண்டே துடைத்துவிடுவேன். வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, சாக்கடைக்குள் ஒரு காலை விட்டு நின்றுகொண்டு, முதலில் அவன் டயரை ஒரே இழுப்பில் துடைத்தேன். அப்புறம் என்னுடையதற்கு வந்தேன்.

துடைக்கிறபோது துணி சக்கரத்தின் நட்டில் மாட்டியது. இழுத்தேன். நட்டு என் விரலோடு சுற்றிக்கொண்டு வந்தது. அடுத்ததும் தளர்ந்திருந்தது, இன்னொரு போல்ட்டு முறிந்தே போயிருந்தது. பதினொரு பிள்ளைகள் உட்காருகிற வண்டி அது. ஸ்பேனரை எடுத்து மிச்சமிருந்த நட்டுகளை மிதித்து மிதித்து இறுக்கினேன், இறுக்கி முடிப்பதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் ஓடி வந்து, அழுகிறது ஒன்று, பையைக் காணோம் என்கிறது ஒன்று. செல்வராஜு தன் வண்டிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எனக்குக் கை காட்டிவிட்டுப் போய்விட்டான்.

முந்தைய சனிக்கிழமைதான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே மணி நேரத்தில், பின் டயர் மாற்றியிருந்தோம். என் நட்டு தளர்ந்திருந்தால் அவனுடையதும் தளர்ந்திருக்கும் என்று யோசிக்க மூளை வேண்டாம். ஆனால் அது எனக்கு பங்சாரில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் உறைத்தது. போன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. வண்டி நிறையப் பிள்ளைகள், எல்லாரையும் இறக்கிவிட்டுக் கூப்பிடலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு நிமிஷம் ஓரம் கட்டியிருந்தால் போதும். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நான் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிள்ளைகளை எல்லாம் வீட்டில் விட்டுவிட்டு அவன் கிள்ளானில் இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது ஃபெடரல் ஹைவேயில் இடது பின் சக்கரம் கழன்று ஓடியிருக்கிறது. வேன் நடுத்தடுப்பில் மோதிக் கவிழ்ந்துவிட்டது.

உயிரோடு வந்தான், அதற்கே முருகனுக்கு நன்றி சொல்ல வேண்டும். கால் போய்விட்டது. அதோடு பேரும் போய்விட்டது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என்னவெல்லாம் எழுதினார்கள் தெரியுமா, அழுக்கு வேன், அக்கறையில்லாத டிரைவர், நம் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று. பத்தொன்பது வருஷம் ஒரு பிள்ளைக்குக் கீறல் படாமல் ஓட்டினவன். எல்லாவற்றையும் படித்துக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிள்ளானுக்குப் போய் அவன் வீட்டில் பழமும் தோசையும் வைத்துவிட்டு வருவேன். அவன் மனைவி கமலா, “நீங்க ஒருத்தர்தான் அண்ணே மறக்காம வரீங்க” என்று சொல்லும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

மூன்று மாதம் அப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரத்தில், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரயில், வாடை, காக்கி ஆள், குறி, துடைத்தது, நட்டு, பங்சார் சிவப்பு விளக்கு, எதையும் மறைக்கவில்லை. அவன் கைலியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“எனக்கும் கேட்டுச்சுடா” என்றான்.

எனக்குப் புரியவில்லை.

“நான் பின் சீட்டுல படுத்திருந்தேன். என் வேன்லதான் மொதல்ல தட்டினான். பின் சக்கரம் செத்த சத்தம். எங்கப்பா சோத்துப் பானைய தட்டி, வெடிச்ச பானை எப்படிக் கேக்கும்னு எனக்குக் காட்டியிருக்காரு. அதே சத்தம். எந்திரிச்சு எட்டிப் பாத்தேன், குறி போட்டிருந்துச்சு.”

“பாத்துட்டு ஏன்டா ஓட்டுன? எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொன்னா என்ன சொல்லுவ? ஸ்டேஷன் மாஸ்டர் வந்துட்டாருடான்னு சொல்லுவ.” அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “இருந்தாலும் எறங்கிப் பாக்கலாம்னு கதவுல கை வச்சேன். அப்பதான் நீ வாளியோட வந்து தொடச்ச. சக்கரத்துல போட்ட குறிய யாரு தொடப்பா? ரிப்பேர் பண்ணவன்தான தொடப்பான். வேற எவனும் கை வைக்க மாட்டான், பெரிய தொரையே வந்தாலும் வைக்க மாட்டான். குவாட்டர்ஸ்ல சின்னப் புள்ளைக்கும் தெரியுமே அது. சரி, மணியம் பாத்துட்டான், நட்ட இறுக்கிட்டான், அதான் தொடைக்கிறான்னு நெனச்சேன். நிம்மதியா போனேன்டா.”

எனக்கும் தெரிந்ததுதான் அது. என் அப்பாவும் சொல்லியிருக்கிறார். குறி இருந்தால் வண்டி போகக்கூடாது, குறியைத் துடைத்தாயிற்று என்றால் போகலாம். நான் அழுக்கு என்று துடைத்தேன், அவன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். அறுபது வயதுக்கு மேல் அப்படி வாய்விட்டு அழுவேன் என்று நான் நினைத்ததில்லை. அவன்தான் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் காக்கி ஆள் உன் அப்பாவா என்று கேட்டேன். “எங்கப்பா நடை எனக்குத் தெரியாதா? இது வேற யாரோ” என்றான், அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

அன்றைக்கே கமலாவிடமும் சொன்னேன். அவள் காய்கறிப் பையைக் கீழே வைக்காமலேயே நின்று கேட்டாள். “ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணே” என்றாள், அவ்வளவுதான். பெற்றோர் குரூப்பிலும் எழுதினேன், நட்டு தளர்ந்தது டயர் கடையில் நடந்த தப்பு, அது தெரிந்தும் சொல்லாதவன் நான், செல்வராஜு மேல் குற்றமில்லை என்று. ரயிலை மட்டும் எழுதவில்லை. ஏழு பிள்ளைகளை என் வேனிலிருந்து எடுத்துவிட்டார்கள், எடுக்கட்டும். அவன் வீட்டுக்கு நாலைந்து பெற்றோர்கள் போய் மன்னிப்புக் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்குவேன். போன மாதம் செயற்கைக் கால் பொருத்துவதற்கு அவனை அழைத்துக்கொண்டு போனேன். காரில் வரும்போது அவன் சாதாரணமாகக் கேட்டான்.

“அன்னிக்கி ஒனக்கு முன்னால யாரு யாருடா நின்னது?”

“ஏன்?”

“அந்த ஆளு உன் வேனோட நிக்கலடா. நீ கத்திக்கிட்டு எறங்கினப்பவும் தட்டிக்கிட்டே முன்னால போனான். அங்கேயும் ஒன்னு செத்த சத்தம் கேட்டுச்சு. எந்த வேன்னுதான் தெரியல.”

எனக்குக் கேட்கவில்லை, நான்தான் கத்திக்கொண்டிருந்தேனே. அன்றைக்கு அந்த மூன்று வேன்களின் டயரை நான் திரும்பியும் பார்க்கவில்லை. ஆறேழு மாதம் ஆயிற்று, இன்னுமா தாங்கும் என்று கேட்டேன். சில விரிசல் வருஷக்கணக்கில் தாங்கும் என்று அவன் அப்பா சொல்வாராம்.

மறுநாளே இரண்டு வேன்காரர்களைப் பிடித்து, பைத்தியம் என்று அவர்கள் சிரிக்கச் சிரிக்க, நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது ஆள் தொழிலை விட்டுவிட்டு மகளோடு வெளியூர் போய்விட்டார். போனில் கேட்டதற்கு, வேனை ரவாங்கில் ஒரு பெண்ணுக்கு விற்றதாகச் சொன்னார், அந்தப் பெண்ணின் நம்பருக்குக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. நாலு ஞாயிற்றுக்கிழமை ரவாங்கில் சுற்றிவிட்டேன். அங்கேயும் ஸ்கூல் வேன் எல்லாம் மஞ்சள்தான். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவாள்.